பயிற்சிக்குக் காசு கொடுப்பது யார்?

லிங்க்ட்இன் பக்கம் போகிறவர்கள் ஒரு தடவையாவது இந்த ஜோக்கைப் பார்த்திருப்பீர்கள். கம்பெனியின் நிதி அதிகாரி தலைமை அதிகாரியிடம் கேட்கிறார்: "இவங்களுக்கு இவ்வளவு செலவு பண்ணி ட்ரெயினிங் கொடுத்துட்டு, அப்புறம் வேலையை விட்டுப் போயிட்டா?" தலைமை அதிகாரி சொல்கிறார்: "ட்ரெயினிங் கொடுக்காம விட்டு, இவங்க இங்கேயே இருந்துட்டா?" ஹெச்.ஆர். கூட்டங்களில் இது கிட்டத்தட்ட கடவுள் வாழ்த்து மாதிரி. ஹென்றி ஃபோர்டு சொன்னதாகக்கூட ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜோக் நல்ல ஜோக்தான். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தைக் கேள்வி கேட்காமல் ஒத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். செலவு கம்பெனியுடையது, ரிஸ்க்கும் கம்பெனியுடையது என்பதுதான் அது. "நாங்கள் ஊழியர்கள்மீது முதலீடு செய்கிறோம்" என்று ஆண்டறிக்கையில் வருகிற வாக்கியமும் இதே நம்பிக்கையில்தான் நிற்கிறது. முதலீடு என்றால் போட்டவன் பணம் போனால் போட்டவனுக்குத்தான் நஷ்டம். இங்கே அப்படித்தான் நடக்கிறதா? கொஞ்ச நாளாக இதைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். வாசிக்க வாசிக்க அந்த "முதலீடு" என்ற சொல்மேல் எனக்குச் சந்தேகம்தான் கூடியது.

பொருளாதாரத்தில் இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் கேரி பெக்கர். 1962இல் ஒரு கட்டுரை, 1964இல் 'ஹியூமன் கேப்பிட்டல்' என்ற புத்தகம், 1992இல் நோபல். அவர் பயிற்சியை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, எங்கே போனாலும் பயன்படுகிற பயிற்சி. ஜாவா, வெல்டிங், கணக்கு எழுதுவது, ஆங்கிலத்தில் மெயில் போடுவது எல்லாம் இதில் வரும். இன்னொன்று, அந்தக் கம்பெனிக்குள் மட்டுமே செல்லுபடியாகும் பயிற்சி. அவர்கள் ஆபீசில் மட்டும் ஓடுகிற ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்வது மாதிரி. இரண்டாவதற்குக் கம்பெனி செலவு செய்யும், ஏனென்றால் அதைக் கற்றவனால் அதை வெளியே கொண்டுபோய் விற்க முடியாது. முதல் வகைக்குக் கம்பெனி ஏன் செலவு செய்ய வேண்டும்? கற்றுக்கொண்டவன் மறுநாளே பக்கத்துக் கம்பெனியில் கூடுதல் சம்பளத்துக்குப் போய்விடலாமே?

பெக்கரின் பதில்: கம்பெனி செலவு செய்யாது, செய்வதுபோல் தெரியும். உண்மையில் பயிற்சிக் காலத்தில் குறைந்த சம்பளம் வாங்குவதன் வழியாக ஊழியரே அந்தச் செலவை ஏற்கிறார். அதாவது பயிற்சி இலவசம் இல்லை. ஃபீஸ் சம்பளத்திலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது, பே ஸ்லிப்பில் அதற்கு ஒரு வரி இல்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்தபோது எனக்கு உடனே ஞாபகம் வந்தது நம்ம ஊர் ஐ.டி. ஃப்ரெஷர் சம்பளம். 2010 வாக்கில் பெரிய நிறுவனங்களில் ஆண்டுக்கு மூன்று லட்சம் சொச்சத்தில் இருந்தது. இன்றும் சாதாரண ஃப்ரெஷர் வேலைக்கு மூன்று, மூன்றரை என்றுதான் பேச்சு. இடையில் அறை வாடகை எங்கே போனது, தோசை விலை எங்கே போனது என்று வேளச்சேரியில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சம்பளம் ஏறாததற்குப் பயிற்சி மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வருஷா வருஷம் லட்சக்கணக்கில் பொறியியல் முடித்தவர்கள் வெளியே வருவது பெரிய காரணம். ஆனால் "ஏன் இவ்வளவு கம்மி?" என்று கேட்டால் கம்பெனிகள் தரப்பில் முதலில் வருகிற பதில், "காலேஜில் ஒன்றும் சொல்லித் தருவதில்லை, நாங்கள்தான் ஆறு மாசம் ட்ரெயினிங் கொடுத்து ஆளாக்குகிறோம்" என்பது. சரி, ஒத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு முறை காசு வாங்கியாயிற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி இதற்கு வருவோம்.

பெக்கர் சொன்னது முழுக்கச் சரியா என்று பின்னால் வந்தவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது டேவிட் ஆட்டரின் 2001ஆம் ஆண்டுக் கட்டுரை. அமெரிக்காவில் தற்காலிக வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகள் கம்ப்யூட்டர் பயிற்சியை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தன. ஸ்ப்ரெட்ஷீட், வேர்டு பிராசசிங் எல்லாம் எங்கும் பயன்படுகிற திறன். ஆட்களோ இன்று இங்கே, நாளை வேறிடத்தில் இருக்கிறவர்கள். பெக்கரின் கணக்குப்படி இது நடக்கவே கூடாது. ஆட்டர் கண்டுபிடித்தது இதுதான்: பயிற்சி கொடுக்கிற ஏஜென்சிகள், கொடுக்காதவற்றைவிடச் சற்றுக் குறைவாகச் சம்பளம் கொடுத்தன. அதோடு பயிற்சி ஒரு சல்லடையாகவும் வேலை செய்தது. தன்னால் கற்றுக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர்கள்தான் அந்த ஏஜென்சிக்கு வருவார்கள், அவர்களில் யார் தேறுகிறார்கள் என்பதை ஏஜென்சி மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்கிறது. சொல்லிக்கொடுப்பது பாதி வேலை, பொறுக்கி எடுப்பது மீதி வேலை.

இந்தச் சல்லடை விஷயம் நமக்கு ரொம்ப அந்நியமில்லை. இன்ஃபோசிஸின் மைசூர் வளாகம் உலகத்தின் மிகப்பெரிய கார்ப்பரேட் பயிற்சி நிலையங்களில் ஒன்று. ஒரே நேரத்தில் சுமார் 14,000 பேர் பயிற்சி பெறலாம் என்பார்கள். அது வெறும் விளம்பரமும் இல்லை. சிறு ஊர்க் கல்லூரியிலிருந்து வந்து, மாதக்கணக்கில் சம்பளத்தோடு முழுநேரம் படித்து, புது மனிதராக வெளியே வந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் 2025 பிப்ரவரியில் அதே வளாகத்திலிருந்து 300க்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள் அனுப்பப்பட்டார்கள். உள் தேர்வில் மூன்று வாய்ப்பு கொடுத்தும் தேறவில்லை என்பது நிறுவனம் சொன்ன காரணம். அவர்களில் பலர் 2022இல் ஆஃபர் வாங்கி, இரண்டு வருஷம் போல் காத்திருந்து 2024இல்தான் சேர்ந்தவர்கள். விதிமுறைப்படி சரியா தப்பா என்ற விவாதம் தனி. நான் பார்ப்பது ரிஸ்க் யாரிடம் இருந்தது என்பதை. காத்திருந்த இரண்டு வருஷம் யாருடைய கணக்கில் எழுதப்படும்?

அடுத்து பாண்ட்.

நம்ம ஊரில் வேலைக்குச் சேர்ந்த யாருக்கும் பாண்டை விளக்க வேண்டியதில்லை. இத்தனை மாசம் வேலை பார்ப்பேன், நடுவில் போனால் இவ்வளவு கட்டுவேன் என்று ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து. அப்பாவோ மாமாவோ ஜாமீன். சின்னக் கம்பெனிகள் சிலவற்றில் பத்தாவது, பன்னிரண்டாவது அசல் மார்க் ஷீட்டையே வாங்கி பீரோவில் வைத்துக்கொள்கிற வழக்கமும் இருக்கிறது. காரணம் கேட்டால், "உங்கமேல செலவு பண்றோம்ல?"

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பது சுவாரசியமான கதை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கிற ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அப்படியானால் பாண்ட் செல்லாதே என்று தோன்றும். ஆனால் 1967இல் செஞ்சுரி நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது. கல்யாணில் இருந்த ஆலையில் டயர்களுக்கான நூல் தயாரிக்க வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் வாங்கியிருந்தார்கள். அதில் பயிற்சி பெற்ற ஒருவர் ஐந்து வருஷ ஒப்பந்தம் முடியும் முன்னாலேயே கூடுதல் சம்பளத்துக்கு ராஜஸ்தானில் இருந்த போட்டி நிறுவனத்துக்குப் போய்விட்டார். வேலைக்காலத்துக்குள் இருக்கிற கட்டுப்பாடு வேறு, வேலை முடிந்த பிறகும் துரத்துகிற கட்டுப்பாடு வேறு, முதலாவது செல்லும் என்றது நீதிமன்றம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கிலும் அதே கோட்டில்தான் தீர்ப்பு: மூன்று வருஷம் முடியும் முன் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற விதி செல்லும்.

விஜயா வங்கித் தீர்ப்பை வாட்ஸ்அப்பில் "பாண்ட் செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு" என்று சுற்றவிட்டார்கள். கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. அங்கே விவாதம் பயிற்சியைப் பற்றியதே இல்லை. ஒரு பொதுத்துறை வங்கி ஒரு பதவியை நிரப்ப வெளிப்படையான தேர்வு முறை முழுவதையும் திரும்ப நடத்த வேண்டும், அதற்குச் செலவாகும் என்பதுதான் முக்கியமான வாதம். போனவரும் ஃப்ரெஷர் இல்லை, மூத்த மேலாளர் நிலையில் இருந்தவர். அந்தச் சம்பளத்துக்கு 2 லட்சம் அளவுக்கு மீறியதில்லை என்றும் நீதிமன்றம் பார்த்தது. மாசம் 18,000 வாங்குகிற பையனிடம் கேட்கப்படுகிற 2 லட்சத்துக்கு இந்தத் தீர்ப்பை அப்படியே தூக்கிவைக்க முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவும் இருக்கிறது: ஒப்பந்தத்தில் எழுதிய தொகை உச்சவரம்புதான், கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடு மட்டுமே.

சட்டத்தை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். இரண்டு வருஷம், 2 லட்சம் என்று ஒரு பாண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தர் மூன்றாவது மாசம் போகிறார், இன்னொருத்தர் இருபத்து மூன்றாவது மாசம் போகிறார். பல பாண்டுகளில் இருவரும் கட்ட வேண்டியது அதே 2 லட்சம். இது முதலீட்டை மீட்கிற கணக்காக இருந்தால் மாசா மாசம் தொகை குறைந்துகொண்டே வர வேண்டுமா இல்லையா? ஆபீசில் வாங்கிப்போட்ட நாற்காலிக்கே தேய்மானம் எழுதுகிறார்கள். இருபத்து மூன்று மாசம் குறைந்த சம்பளத்தில் உழைத்தவருக்கு ஒரு ரூபாய் தேய்மானம் கிடையாது. ஆக இது செலவை மீட்கிற ஏற்பாடு இல்லை, ஆளைப் பிடித்துவைக்கிற ஏற்பாடு. பெக்கர் சொன்ன முதல் காசைச் சம்பளத்தில் வாங்கியாயிற்று, இது இரண்டாவது காசு.

அமெரிக்காவிலும் இதே கதை வேறு பெயரில் ஓடுகிறது. செல்லப்பிராணிகளுக்கு முடி வெட்டும் பயிற்சிக்கு 5,000 டாலர், கருவிகளுக்கு 500 டாலர் என்று கடன் எழுதி வாங்கியதாகப் பெட்ஸ்மார்ட் நிறுவனத்தின்மேல் 2022இல் ஒரு முன்னாள் ஊழியர் வழக்குப் போட்டார். 2025இல் கலிஃபோர்னியா இந்த மாதிரி "இரு, இல்லாவிட்டால் கட்டு" ஒப்பந்தங்களைப் பெரும்பாலும் தடை செய்து சட்டம் போட்டது. 2026 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகிறவற்றுக்கு அது பொருந்தும்.

"அப்போ கம்பெனி உண்மையிலேயே காசு போடுகிற இடமே இல்லையா?" இருக்கிறது. ஜெர்மனி. அங்கே ஒரு பையனோ பெண்ணோ மூன்று, மூன்றரை வருஷம் வாரத்தில் சில நாள் தொழிற்பள்ளியிலும் மீதி நாள் கம்பெனியிலுமாக இருந்து கற்றுக்கொள்கிறார்கள். கம்பெனி உதவித்தொகை கொடுக்கிறது, பயிற்றுநருக்குச் சம்பளம் கொடுக்கிறது. முடிவில் தேர்வு நடத்திச் சான்றிதழ் கொடுப்பது கம்பெனி இல்லை, தொழில் வர்த்தக சபை. அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். பெக்கரின் தர்க்கப்படி இது கம்பெனிக்குத் தற்கொலை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

ஏன் என்று அசெமோக்லுவும் பிஷ்கேவும் 1998இல் விளக்கினார்கள். கூட இருந்து பார்த்த கம்பெனிக்குத்தான் ஒருவரின் திறமை முழுதாகத் தெரியும். வெளியே இருக்கிறவர்களுக்கு, "நல்ல ஆளாக இருந்தால் அவர்களே வைத்துக்கொண்டிருப்பார்களே" என்று ஒரு சந்தேகம் இருக்கும். அந்தச் சந்தேகம் பழைய கம்பெனிக்குச் சாதகம், அதனால் பொதுத் திறனுக்கும் அது துணிந்து செலவு செய்கிறது. இதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம் அழகானது: கட்டாய ராணுவ சேவைக்காகக் கம்பெனியை விட்டவர்கள். அவர்கள் போனதற்கும் திறமைக்கும் சம்பந்தமில்லை என்பது ஊருக்கே தெரியும், அதனால் வேறிடத்தில் சேர்ந்தபோது அவர்கள்மேல் அந்தச் சந்தேகம் இல்லை, சம்பளமும் அடிபடவில்லை.

அந்தக் கட்டுரையில் இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒரு நாடு இரண்டு நிலைகளில் எதில் வேண்டுமானாலும் போய் மாட்டிக்கொள்ளலாம். ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்கள், அதனால் பயிற்சி குறைவு என்பது ஒன்று. ஆட்கள் தங்குகிறார்கள், பயிற்சி அதிகம் என்பது இன்னொன்று. இரண்டும் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். நம்ம ஐ.டி. துறை முதல் நிலையில் உட்கார்ந்துகொண்டு, பாண்ட் என்ற கயிற்றால் இரண்டாவது நிலையின் பலனை இழுக்கப் பார்க்கிறது என்பது என் வாசிப்பு. பாண்ட் முடிந்த அடுத்த மாசம் மொத்த பேட்ச்சும் ரிசைன் லெட்டர் அடிப்பதை யாரும் ஆச்சரியமாகப் பார்ப்பதில்லையே.

மூன்றாவது காசு நேரம். ஃப்ரெஷர் காலம் தாண்டியவர்களுக்குப் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரு ஆன்லைன் தளத்தின் லாகின். ஆயிரக்கணக்கில் கோர்ஸ். வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் "கற்க வேண்டும்" என்று அப்ரைசலில் ஒரு இலக்கு. சரி, அந்த மணி நேரம் எங்கிருந்து வரும்? டைம்ஷீட்டைத் திறந்து பாருங்கள். கிளையன்ட்டுக்கு பில் போடுகிற நேரத்துக்கு ஒரு கோட் இருக்கும். கற்றலுக்கும் ஒரு கோட் இருக்கலாம், ஆனால் அதில் வாரத்துக்கு எட்டு மணி நேரம் போட்டுவிட்டு மேனேஜர் முகத்தைப் பாருங்கள்! ஆகவே கற்றல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. அல்லது நடப்பதே இல்லை: ஒரு பக்கம் வீடியோ சத்தமில்லாமல் ஓடும், இன்னொரு பக்கம் வேலை நடக்கும், கடைசியில் க்விஸ், சர்டிஃபிகேட், ஹெச்.ஆர். டாஷ்போர்டில் பச்சை. நானும் செய்திருக்கிறேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயிற்சியை எப்படி அளப்பது என்று டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இலேயே நான்கு படிகளாகப் பிரித்து எழுதிவிட்டார். பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, அதனால் பலன் வந்ததா. இத்தனை வருஷம் கழித்தும் பெரும்பாலான இடங்களில் முதல் படியோடு சரி. "ஐந்துக்கு எத்தனை ஸ்டார்?" மூன்றாவது படியை அளக்க, கற்றுக்கொண்டதைச் செய்துபார்க்க ஒரு வேலை கொடுக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். கிளவுட் கோர்ஸ் முடித்தவரைக் கிளவுட் ப்ராஜெக்ட்டுக்கு விட வேண்டுமென்றால் இப்போதைய மேனேஜர் ரிலீஸ் செய்ய வேண்டும். நன்றாக வேலை செய்கிறவரை எந்த மேனேஜர் விடுவார்? "அடுத்த க்வார்ட்டர் பார்க்கலாம்பா." கோர்ஸ் வாங்கக் கம்பெனியிடம் பணம் இருக்கிறது, ஒரு ஆளை இந்த டீமிலிருந்து அந்த டீமுக்கு நகர்த்த மனசில்லை. கெரியர் வளர்ச்சி என்று அவர்கள் சொல்வது பாதி இடங்களில் இந்த ஒரு கையெழுத்தில் நிற்கிறது. அந்தக் கையெழுத்து உள்ளே கிடைக்காதவர்தான் வெளியே ஆஃபர் வாங்குகிறார்.

நேரத்தை எடுத்துவைத்துச் செய்த உதாரணம் வேண்டுமென்றால் இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்காவைப் பார்க்கலாம். ஆண்கள் படைக்குப் போய்விட, தொழிற்சாலைகளில் பழக்கமில்லாதவர்கள் குவிந்தார்கள். 1940 முதல் 1945 வரை நடந்த 'ட்ரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி' திட்டம் செய்தது எளிமையான காரியம். தொழிலாளிக்கு வகுப்பு எடுக்கவில்லை. சூப்பர்வைசருக்கு, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதைப் பத்து மணி நேரத்தில் கற்றுக்கொடுத்தார்கள். அவர் மெஷின் பக்கத்தில் நின்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். 16,000க்கும் மேற்பட்ட ஆலைகள், 16 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள். போருக்குப் பின் இதே முறை ஜப்பானுக்குப் போய் டயோட்டாவில் வேர்விட்டது. அங்கே சொல்லிக்கொடுப்பது சூப்பர்வைசரின் வேலையாகவே கணக்கில் இருந்தது. இங்கே ஜூனியருக்கு உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொல்லித் தருகிற சீனியருக்கு டைம்ஷீட்டில் இடமில்லை. அவர் அதைச் செய்வது அவருடைய நல்ல மனசு.

அமேசான் 2012இல் தொடங்கிய 'கெரியர் சாய்ஸ்' இந்த வரிசையில் ஒரு விசித்திரம். கிடங்கு ஊழியர்களுக்கு, அமேசானுக்குத் துளியும் பயன்படாத படிப்பாக இருந்தாலும், வெளியே வேலைவாய்ப்பு உள்ள படிப்பு என்றால் கட்டணத்தில் 95 சதவீதத்தை முன்கூட்டியே கட்டினார்கள். பாண்ட் பூச்சாண்டியும் கிடையாது. போய்விடுவார்கள் என்று தெரிந்தே கொடுத்த பணம் என்பதால், நான் பார்த்ததில் "முதலீடு" என்று பாவனை பண்ணாத திட்டம் இதுதான். ஆள் எடுப்பது இதனால் சுலபமாகும் என்ற கணக்கு உள்ளே இருந்திருக்கும், இருக்கட்டும். என் குறை வேறு. பத்து மணி நேர ஷிஃப்ட்டில் பெட்டி தூக்கிவிட்டு வந்தவர் எந்த நேரத்தில் படிப்பார்? கட்டணத்தைக் கம்பெனி கட்டியது, தூக்கத்தை ஊழியர் கட்டினார்.

ஆஃபர் லெட்டர் கையில் வைத்திருக்கும் தம்பி தங்கைகள் சிலர் மெயிலில் பாண்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்கலாம்: தொகை மாசா மாசம் குறையுமா? குறையும் என்று எழுத்தில் கொடுக்கிற கம்பெனி, செலவைக் கணக்குப் பார்த்திருக்கிறது. "பாலிசியில் இல்லை" என்று சொன்னாலும் பரவாயில்லை, கேட்டதற்கு வேலை போய்விடாது. அசல் சான்றிதழை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தைப் பற்றியும் இதில் எழுத நினைத்தேன், பதிவு நீண்டுவிட்டது. அந்தச் சட்டம் வந்தபோதே அதன் 22ஆவது பிரிவு, பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை, அந்த வேலையை ஏற்க வேண்டிய கட்டாயம் பயிற்சி பெற்றவருக்கும் இல்லை என்று வைத்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் அந்த முதல் பாதி எப்படிப் பயன்படுகிறது என்பது அடுத்த பதிவில்.